ரமணாசிரமத் தெருவிலிருந்து அலை பிடிப்பது எப்படி?

வெப்பமண்டல ஸ்ட்ராட்டோஸ்பியரில் ஓடும் அலைகளைச் செயற்கைக்கோள் தகவலை வைத்து ஆராய்வது கஷ்டமான வேலை என்று யாரோ உங்களிடம் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நம்பாதீர்கள். தீசிஸ் கெடு நெருங்கிய எவரும் ரமணாசிரமம் பக்கம் ஓர் அறை பிடித்தால் போதும். கீழே சொல்வதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் முறையாகச் செய்துவிடுங்கள்.

1. செங்கம் சாலையில் மலை தெரிகிற மாடியாகப் பாருங்கள். சுற்றிலும் எல்லோரும் 'நான் யார்' என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். விசாரிக்கட்டும். 'இந்தத் தகவலை எப்படி அளந்தார்கள்' என்ற விசாரணையில் மட்டும் நீங்கள் இறங்கிவிடக் கூடாது.

2. காஸ்மிக்-2 தகவலை இறக்குங்கள். 2019 ஜூனில் ஏவிய ஆறு செயற்கைக்கோள்கள். ஜிபிஎஸ் சமிக்ஞை காற்றில் வளைவதைப் பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகின்றன. கையேட்டைத் திறக்காதீர்கள். ஒவ்வோர் அளவும் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் நீளக் காற்றின் சராசரி, அதில் சிறிய அலைகள் கரைந்துபோகும் என்றெல்லாம் அங்கே இருக்கும். படித்தால் மனசு கெடும். படிக்காதவருக்கோ 'இப்பகுதியில் சிறிய அலைகளே இல்லை' என்ற கண்டுபிடிப்பு இலவசம்.

3. இனி முக்கியமான கட்டம், நிதானமாகச் செய்யுங்கள். அலை என்பது வெப்பநிலையில் ஓரிரு டிகிரி ஏற்ற இறக்கம். அதைப் பிரித்தெடுக்க, பின்னணிக் கோட்டை மழமழவென்று இழைத்து அசலிலிருந்து கழிக்க வேண்டும். எவ்வளவு இழைப்பது? அலை தெரியும்வரை. நம் தலைக்கு மேல் 16, 17 கி.மீ. உயரம்வரை குறைந்துகொண்டே போகும் வெப்பநிலை, அங்கே சட்டென்று திரும்பி ஏறத் தொடங்குகிறது. அந்தக் கூர்முனையை உங்கள் இழைப்பு மழுக்கிவிடும். கழித்துப் பாருங்கள்: மேடும் பள்ளமுமாக அருமையான ஓர் அலை! வானத்தில் அலையே இல்லாத நாளிலும் வரும். மழை, வெயில், பௌர்ணமி, அமாவாசை பார்க்காது. 'இடைவிடாத தீவிர அலைச் செயல்பாடு' என்று பெயர் வைத்து, சிவப்பில் வரையுங்கள்.

4. ஒரே செயற்கைக்கோளோடு நிறுத்திக்கொள்ள விரும்பினால் அக்வா இருக்கிறது. நிலநடுக்கோட்டைப் பகலில் ஒன்றரை மணி வாக்கிலும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கிலும் கடக்கும்படிதான் அதைப் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். பகல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், சூரியனோடு கூடவே ஓடுகிற தினசரி அலை அசையாமல் நிற்பதாகத் தெரியும். அப்படியே எழுதுங்கள்.

5. காரணம் வேண்டுமா? ஜன்னலைத் திறங்கள். 814 மீட்டர் அண்ணாமலை! இந்தத் தனி மலை எழுப்பக்கூடிய அலை சில கிலோமீட்டர் நீளம்தான், உங்கள் செயற்கைக்கோளுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் என்ன, படத்தில் மலையை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். துணிச்சல் இருந்தால் கிரிவல நாட்களோடும் ஒப்பிடுங்கள். சந்திரனால் காற்று மண்டலத்தில் மிகச் சிறிய ஏற்றவற்றம் உண்மையிலேயே உண்டு. மறுக்க வருகிறவர் ஒரு நிமிடம் தயங்குவார். உங்களுக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

6. இரண்டு வருடத் தகவலுக்கு மேல் தொடாதீர்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்று கிழக்கு, மேற்கு என்று திசை மாறி ஒரு சுற்று முடிக்கச் சராசரியாக 28 மாதம் ஆகும். மாற்றுவதும் இதே அலைகள்தான். 24 மாதத்தோடு நிறுத்தினால் சுற்று சுற்றாகத் தெரியாது, 'நீண்டகாலப் போக்கு' ஆகிவிடும். தலைப்பில் 'பருவநிலை மாற்றம்' சேர்க்க இடமும் கிடைக்கும். 1953 முதல் பதிவாகிவரும் இந்தச் சுழற்சி 2016 தொடக்கத்தில் முதன்முறையாகக் குழம்பியது. உங்கள் வரைபடத்தில் பொருந்தாதது எதுவாயினும் பழியை அதன்மேல் போடுங்கள். ஆண்டு ஒத்துவருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

7. வடக்கே போகாதீர்கள். ஏறக்குறைய இதே தீர்க்கரேகையில், சுமார் 140 கி.மீ. தொலைவில், திருப்பதிக்குப் பக்கத்துக் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. அங்கே 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் காற்றை நேரடியாக அளக்கிறது. பலூன்கள் 30 கி.மீ. வாக்கில் ஏறி வெப்பநிலையைக் கொண்டுவருகின்றன. அந்த அளவை உங்கள் சிவப்புப் படத்தோடு யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றாம் படியில் பிறந்த அலை ஒரே மதியத்தில் போய்விடும். அதற்குள் வைவாவை முடித்துவிடுங்கள்.