பெயர் சூட்டு படலம்

எந்தப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையானாலும் அதன் ஆய்வாளர் அறையில் அண்ணன் ஒருவர் இருப்பார். சேர்ந்து ஐந்தாறு ஆண்டு ஆகியிருக்கும். ஜன்னலோர மேசை அவருடையது. உதவித்தொகைப் படிவத்தில் யார் கையெழுத்தை முதலில் வாங்குவது, எந்த கிளார்க்கிடம் எந்த நேரத்தில் போய் நிற்கக்கூடாது என்பதையெல்லாம் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லித் தருபவர் அவர்தான். ஆனால் உயிரைக் கொடுத்து அவர் நடத்தும் பாடம் ஒன்றே ஒன்று: ஃபைலுக்குப் பெயர் வைப்பது.

அண்ணனின் லேப்டாப் திரையில் ரீசைக்கிள் பின் தவிர எதுவும் இருக்காது. அதுவும் காலியாக இருக்கும்.

புதியவர்களிடம் ஆய்வுத் தலைப்பை அவர் இரண்டாவதாகத்தான் கேட்பார். முதல் கேள்வி, "தேதிய எப்படிப் போடுவ?" "ஏழு, மூணு, இருபத்தி நாலுண்ணே" என்று சொன்னவன் தொலைந்தான். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஒண்ணாம் தேதியும் ஒரே இடத்தில் போய்க் கூடிக்கொள்ளும். 2024-03-07 என்று ஆண்டிலிருந்து தொடங்கினால்தான் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாக அமையும். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரம் இதை 1988-லேயே சொல்லிவிட்டது. அதேபோல இயல் 1 என்று எழுதக்கூடாது, 01 என்றுதான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பத்தாவது இயல் இரண்டாவதற்கு முன்னால் வந்து உட்காரும். "இப்ப விண்டோஸே சரியா அடுக்குதேண்ணே" என்று ஒரு தம்பி சொல்லிப் பார்த்தான். "சர்வர்ல அடுக்காது" என்று பதில் வந்தது. அந்தத் தம்பி இதுவரை எந்த சர்வரையும் கண்ணால் கண்டதில்லை.

அண்ணனைக் கேலி செய்யலாம்தான். அவர் சொல்வதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் நமக்குள்ள சங்கடம்.

சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் அவருக்குக் குலதெய்வம். உலகத்து நூல்களைப் பகுத்து அடுக்க ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட முறைக்கு, அதில் வரும் முக்காற்புள்ளியை வைத்தே கோலன் பகுப்புமுறை என்று பெயர். விண்டோஸோ ஃபைல் பெயரில் வரவே கூடாதென்று ஒன்பது குறிகளைத் தள்ளிவைத்திருக்கிறது; முக்காற்புள்ளி அதில் ஒன்று. "உலக நூலகத்துக்கெல்லாம் வழிகாட்டின புள்ளிய உள்ளயே விட மாட்டேங்கிறான் பாரு" என்று சொல்லும்போது அண்ணனுக்குக் குரல் கம்மும். கேள்விக்குறியையும் விண்டோஸ் விடாது. ஆய்வாளனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது!

அவருடைய ஆய்வு நடுகற்களைப் பற்றியது. செங்கம் பக்கம் வெயிலில் ஊர் ஊராக அலைந்து, முள்ளை விலக்கி, கல் கல்லாகப் படமெடுத்து வந்தார். அந்த உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. கேமரா எல்லாவற்றுக்கும் வெறும் எண்ணைப் பெயராக வைத்திருந்தது. அண்ணன் அதை ஊர், கல், பக்கம், வெளிச்சம் என்று பிரித்துப் பெயர் மாற்ற உட்கார்ந்தார். ஊர்ப் பெயரில் பிடித்தது சனி. ஆங்கிலத்தில் செங்கம் சி-யில் தொடங்குமா, எஸ்-இல் தொடங்குமா? திருவண்ணாமலையில் டி-க்குப் பின்னால் எச் உண்டா, இல்லையா? ஒரு வாரம் எச்சோடு எழுதினார், மறுவாரம் எச் இல்லாமல் எழுதினார். ஆநிரை மீட்கப் போய் ஒரே களத்தில் செத்த வீரர்கள் எழுத்துக்கூட்டலில் இரண்டு ஃபோல்டராகப் பிரிந்தார்கள். வேண்டாம், தமிழிலேயே வைப்போம் என்று எல்லாவற்றையும் மாற்றி, ஜிப் செய்து நண்பருக்கு அனுப்பினார். அங்கே ஊரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

இந்தக் கசப்பில் பிறந்ததுதான் 'பெயரிடல் விதிமுறை'. பதினான்கு பக்கம். முன்னுரை உண்டு, குறியீட்டு விளக்கம் உண்டு, நெறியாளருக்கு நன்றியும் உண்டு. 'வ' என்றால் வரைவு, 'வப' என்றால் வரைபடம். ஆய்வுக் காலத்தில் அண்ணன் எழுதி முடித்த ஒரே உரைநடை இதுதான்.

விதிமுறைப்படி ஆய்வு என்ற ஃபோல்டருக்குள் சான்றாதாரம், அதற்குள் முதன்மை, அதற்குள் களம், அதற்குள் வட்டம், ஊர், கல், பக்கம். ஒருநாள் நெறியாளருக்குக் காட்டலாமென்று மொத்தத்தையும் பென்டிரைவுக்கு இழுத்தார். பாதை நீளம் என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. டிரைவ் எழுத்தில் தொடங்கி ஃபைல் பெயர் முடியும்வரை மொத்தம் 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அதன் பழைய கணக்கு. தமிழுக்கு இதில் செலவு கூடுதல். 'கொ' நமக்கு ஓரெழுத்து, யூனிகோடுக்கு இரண்டு. "தொல்காப்பியத்த ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் அண்ணன். அன்றைக்கு நெறியாளரிடம் போகவில்லை. சாயங்காலம்வரை பெயர்களைச் சுருக்கினார். சுருக்கங்களுக்கு விளக்கம் தேவைப்பட்டது. விதிமுறை பதினாறு பக்கமானது.

எதிர் மேசையில் ஒரு தங்கை இருந்தாள். அவள் திரையில் 'இயல் 2 ஃபைனல்', 'இயல் 2 ஃபைனல் ஃபைனல்', 'இயல் 2 சார் திருத்தம்', 'இயல் 2 சார் திருத்தம் லாஸ்ட்', 'இயல் 2 இதுதான்' எல்லாம் கல்யாண மண்டப வாசல் செருப்பு மாதிரி குவிந்து கிடக்கும். எந்த நெரிசலிலும் தன் ஜோடியைக் கால் தானாகக் கண்டுபிடிக்குமே, அப்படி அவளும் தேவையானதைத் தட்டித் திறந்துவிடுவாள். நான்காம் ஆண்டு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேலைக்கும் போய்விட்டாள். காந்திநகரிலிருந்து நடக்கும் ஆய்வேட்டுக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றுவதற்காக நூலகத்தில் கொடுக்க வேண்டிய பி.டி.எஃப்.களை 01 தலைப்பு, 02 சான்றிதழ் என்று பிரித்துக் கொடுத்தது அண்ணன்தான். "முன்னால சைபர் போட்டிருக்காங்க பாத்தியா? காந்திநகர்ல இருக்கிறவங்களுக்கு உள்ள ஒழுங்கு உனக்கில்லையே" என்று கடைசிவரை திட்டிக்கொண்டே செய்தார். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள்.

நெறியாளர் எந்த விதிமுறைக்கும் கட்டுப்படாதவர். அச்சிட்ட படியில் சிவப்புப் பேனாவால் திருத்தி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார். பதினெட்டாம் பக்கம் முதலில் வரும், மூன்றாம் பக்கம் தலைகீழாக வரும், நடுவில் பேரனுடைய பிறந்தநாள் படம் ஒன்றும் வரும். அத்தனையும் ஐ.எம்.ஜி. என்று தொடங்கி டபிள்யூ.ஏ. 0023, 0024 என்று முடியும். (வாட்ஸ்அப்காரர்கள் நடுவில் தேதியை ஆண்டிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதில் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.) அவற்றை அண்ணன் நிமிர்த்தி, வரிசைப்படுத்தி, பெயர் மாற்றி, 'நெறியாளர் திருத்தம்' என்ற ஃபோல்டரில் ஒரு குறையில்லாமல் வைத்திருக்கிறார். சிவப்பு மையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத்தான் இன்னும் வேளை வரவில்லை.

பிஎச்.டி.க்கு ஆறாண்டு என்கிறது யுஜிசி. மறுபதிவு செய்தால் அதிகபட்சம் இன்னும் இரண்டாண்டுக்கு 2022-ஆம் ஆண்டு விதி இடம் தருகிறது. அண்ணன் மறுபதிவு விண்ணப்பத்தை நீட்டியதும் நெறியாளர் பேனாவைத் திறந்தவர் திறந்தபடியே, "மூணாவது இயல் எங்கய்யா?" என்றார். அண்ணன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். மூன்றாவது இயலுக்கு ஃபோல்டர் இருந்தது. நான்கு, ஐந்து, முடிவுரை, பின்னிணைப்பு எல்லாவற்றுக்கும் இருந்தது. கடைசியாக '09 வாய்மொழித் தேர்வு'. நெறியாளர் அதைச் சொடுக்கினார். அழைப்பிதழ், பதாகை, புகைப்படம், நன்றியுரை, சாப்பாடு என்று ஐந்து ஃபோல்டர். முதல் நான்கும் காலி. ஐந்தாவதில் ஒரு ஃபைல் இருந்தது, 'சாப்பாடு_வ05' என்று. புறத்தேர்வாளர், துறைக்காரர்கள், விருந்தினர் என்று தலைக்கணக்குப் போட்டு, யார் சைவம், யாருக்குச் சர்க்கரை என்பதுவரை குறித்திருந்தது.

நெறியாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். "கேசரிய எடுத்திடுய்யா. எல்லா வைவாலயும் கேசரிதான் போடுறானுங்க" என்றார்.

அண்ணன் நின்ற இடத்திலேயே கேசரியை அடித்துவிட்டு அசோகா அல்வா என்று எழுதி, வ06 எனச் சேமித்தார். நெறியாளர் சொன்ன திருத்தம் சொன்ன அன்றைக்கே முடிந்தது அதுதான் முதல் தடவை.