தில்லிக்கு முதல் பயணமா?

கேள்வி: குடும்பத்தோடு முதன்முறையாகத் தில்லி போகிறோம். முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதலில் கிழமையை! செங்கோட்டைக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அன்று குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை பாருங்கள். அப்படியே ஆக்ரா போவதானால், தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை.

சாந்தினி சௌக் நெரிசலில் காருக்கு வழி கிடைக்காது. பூமிக்கடியில் மெட்ரோவுக்கு எப்போதும் வழி உண்டு. அதில் போய் இறங்குங்கள். ஜனவரி மூடுபனியில் ரயில்கள் தாமதமாகும். 73 மீட்டர் குதுப்மினாரே கண்ணாமூச்சி ஆடும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் இதம்.

சுல்தான்கள் முதல் மொகலாயர்கள் வரை எல்லோரையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால், அடிமை வம்சத்திலேயே குழந்தைகளின் கால்கள் ஓய்ந்துவிடும். நாளுக்கு இரண்டு இடம் போதும், நிதானமாகப் பாருங்கள்.