போத்தலுக்குள் ஓர் இடம் வேண்டி விண்ணப்பம்

மலர்ச்செய்கைக்கும் தோட்டக் காணிக்கும் பொறுப்பான மேன்மைதங்கிய அதிகாரிகள் அவர்களுக்கு,

பதுளை மாவட்டத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து எழுதிக்கொள்வது. பேராதனைப் பூங்காவில் அந்தூரியம் போன்ற பூச்செடிகளை இழைய வளர்ப்பில் பெருக்குகிற விதத்தை, ஏ.எல். படிக்கிற மகள் வந்து விளக்கினாள். அன்று தொட்டு வீட்டில் எல்லாருக்கும் அந்தூரியத்தின் மேல் பொறாமை.

இலையில் ஒரு சின்னத் துண்டு. அதைக் குளோரொக்ஸில் கழுவி, 121 பாகையில் அவித்தெடுத்த போத்தலுக்குள் வைக்கிறீர்கள். உள்ளே 1962இல் முராஷிகி, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் வகுத்துவைத்த சாப்பாடு: தாதுப்பு, விற்றமின், லீற்றருக்கு 30 கிராம் சீனி. அறையில் 25 பாகை. ஒரு நாளைக்கு 16 மணித்தியாலம் வெளிச்சம்; கரண்ட் பில் அந்தூரியத்தின் பெயருக்கு வருவதில்லை. பூஞ்சணம் பிடித்த போத்தலை உடனே அப்புறப்படுத்துவீர்களாம். எங்கள் காம்பராச் சுவரில் அது பரம்பரையாகக் குடியிருக்கிறது. கச்சான் காற்று தகரத்தைப் பிய்க்கும் மாதங்களில் மட்டும் கொஞ்சம் காயும்.

மண்ணே இல்லாமல் வளர்க்கிறீர்கள் என்பதுதான் பெரிய அதிசயமாம். ஐயா, அதற்கு மட்டும் காப்புரிமை கேட்டுவிடாதீர்கள். 2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று கூட்டம் போட்டோமே, அத்தனை காலமும் எங்களை மண் இல்லாமல்தான் பெருக்கினார்கள். தாத்தா, அப்பா, நான் என்று ஒரே காம்பரா, ஒரே பிரட்டு, கொழுந்து கிலோ குறைந்தால் ஒரே அரைநாள் பேர். போத்தலில் கலக்கிற ஹோர்மோன் செலவுகூட இல்லை. வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்றார்கள், பிறகு 10 என்றார்கள். இலக்கமும் மண் இல்லாமலே வளர்கிறது. மண்ணே சரிந்து எங்களைத் தேடி வந்தது ஒரு தரம், 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில். அதைப் பகிடியாக எழுத எனக்கு வரவில்லை.

கன்றை வெளியே எடுக்கும் பக்குவத்தைச் சொல்லும்போதுதான் மகளை இரண்டாம் முறை சொல்லச் சொன்னேன். போத்தலில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு போதாது, இலைவாயை மூடத் தெரியாது, வெயில் பட்டால் துவண்டுவிடும். அதனால் வேரில் ஒட்டிய ஏகார்க் கூழைக் கழுவி, தும்புத்தூளில் நட்டு, பொலித்தீனால் மூடி, கிழமைக்குக் கிழமை கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்து பழக்குகிறீர்கள். எங்களிலோ, 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்று பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேற்றியபோது பொலித்தீனுக்குத் தட்டுப்பாடு போலும். 1948இல் பறிபோன பிரஜாவுரிமையை, இங்கே மிஞ்சியவர்களுக்கு முழுதாகக் கொடுத்து முடிக்க 2003லும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அந்தூரியத்துக்கு ஒரு சில கிழமை!

ஆகவே, குடும்பத்தோடு எங்களையும் போத்தலில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவாகக் கேட்கிறோம். சீனி வேண்டாம், அம்மாவுக்குச் சலரோகம். இடமில்லையென்றால் வேறொன்று செய்யலாம். ஒவ்வொரு போத்தலிலும் பெயர், இலக்கம், திகதி எழுதிச் சீட்டு ஒட்டுவீர்களாமே. எங்கள் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட ஆபிசுக்குப் போய், அங்கிருந்து யாராவது இரக்கப்பட்டால் மேலே வரும். அந்தச் சீட்டில் ஒன்றை எங்கள் கதவுக்கும் அனுப்பினால், உங்கள் பதில் நேரே வந்து சேரும்.

இப்படிக்கு,
மேல் லயம், கடைசிக் காம்பரா