வர்ஜீனியாவுக்கு ஒரு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்

திருப்பூர்க்காரனுக்குப் பார்வை விரல் நுனியில் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நம் டீ-சர்ட்டின் கையோரத்தை இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்துவிட்டு, "180 ஜிஎஸ்எம்முங்களா?" என்று துணியின் கனத்தைக் கேட்டால் இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "160தானுங்க. பீச் ஃபினிஷ் குடுத்திருக்கு, அதான் கனமாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, ரசத்துக்குச் சோற்றில் குழி பறிப்போம்.

இப்படிப்பட்ட ஊரைத்தான் வெளிநாட்டுக்காரர்கள் காலங்காலமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். 1978இல் வெரோனா என்ற இத்தாலியர் வெள்ளை டீ-சர்ட் தேடி வந்தார். 1981இல் சி அண்ட் ஏ வந்தது. அப்புறம் வந்தவர்களின் பெயரைச் சொல்லி மாளாது. வந்தவர்கள் எல்லோரும் டேப்பால் அளந்தார்கள், கழுத்துப்பட்டியை இழுத்தார்கள், துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தார்கள். அரை சென்டிமீட்டர் கூடினால் மெயில் வரும், குறைந்தால் டெபிட் நோட் வரும். அவர்கள் ஊர்ச் சரக்கு ஒன்றைச் செக்கிங் மேசையில் கொட்டி, "இதுல ஷேடு சரியில்லீங்களே" என்று நாம் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

எனக்கு அந்த வாய்ப்பு 50 கிராம் டப்பாவில் வந்து சேர்ந்தது. எங்கள் கம்பெனிக்கு வழக்கமாக வரும் பையர் தரப்பு ஆள், வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசியாக வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே இருந்தது பைப்பில் அடைத்துப் பிடிக்கும் புகையிலை, வேறு எதுவும் கலக்காத வர்ஜீனியா. கூடவே மக்காச்சோளக் கதிரின் தக்கையைக் குடைந்து செய்த பைப் ஒன்று. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இந்தத் தக்கை பைப்பை 1869இலிருந்து ஒரு தொழிலாகவே செய்துவருகிறார்கள். பல்லடத்தில் நாம் மணியைக் கறிக்கோழிக்குப் போட்டுவிட்டு, தக்கையை அடுப்பில் வைக்கிறோம். இரண்டு ஊரிலும் தக்கை புகையத்தான் செய்கிறது. அங்கே அதற்கு விலை இருக்கிறது.

பைப் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் மில் முதலாளி. நீள அங்கியோடு மாடிப்படியில் இறங்கி வருவார். மகள் ஏழைப் பையனைக் காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் பைப்பை வாயிலிருந்து எடுத்து, இரண்டு பக்கம் வசனம் பேசுவார். அவர் பைப்பிலிருந்து புகை வந்து நான் பார்த்ததில்லை. இதைக் கையில் பிடித்த பிறகுதான் காரணம் புரிந்தது. பேசிக்கொண்டே பைப் பிடிக்க முடியாது. அணைந்துவிடும்.

டப்பாவின் முதுகில் சரக்கின் குணம் எழுதியிருந்தது: வைக்கோல், எலுமிச்சைத் தோல், உலர்ந்த அத்திப்பழம், அப்போதுதான் சுட்ட ரொட்டி. இத்தனை சொன்னவர்கள் புகையிலையைச் சொல்லவில்லை. "100 சதவீதம் பருத்தி" என்று நாங்கள் லேபிள் போட்டால் லேப் ரிப்போர்ட் கேட்பார்கள். இவர்களிடம் அத்திப்பழத்துக்கு லேப் ரிப்போர்ட் யார் கேட்பது? நான் கேட்பதென்று முடிவு செய்தேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் சரக்கின் பூர்வீகம் தெரிந்திருக்க வேண்டும். 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் என்ற ஆங்கிலேயர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் விதை போட்டதில் தொடங்குகிறது கதை. இன்றைக்கு வர்ஜீனியா என்று விற்கும் மஞ்சள் இலைக்கு இன்னொரு கதை சொல்கிறார்கள். 1839இல் வட கரோலினாவில் ஏபிஷா ஸ்லேடு என்பவரின் பண்ணை. இலை காயும் கொட்டகைக்குக் காவலிருந்த ஸ்டீஃபன் என்ற அடிமை கண்ணயர்ந்துவிட்டார். நெருப்பு அணையப் போன நேரத்தில் விழித்து, கரியை அள்ளிப் போட்டார். திடீரென ஏறிய சூட்டில் இலை பளீரென்று மஞ்சளாகிவிட்டது. நல்ல விலைக்கும் போனது. இங்கே ஒரு நைட் ஷிப்ட்டில் டையிங் ஆபரேட்டர் தூங்கி ஷேடு மாறினால் மொத்த லாட்டும் கறுப்புச் சாயத்துக்குப் போகும். அங்கே உலகச் சந்தைக்குப் போனது. பணம் மட்டும், எல்லா ஊரிலும் நடப்பதுபோல, கரி அள்ளியவருக்குப் போகவில்லை.

இப்போது இதை முறையாகச் செய்கிறார்கள். கொட்டகைக்குள் இலையைத் தொங்கவிட்டு, அடுப்பின் சூட்டை இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடவிடுவார்கள். புகை இலையில் படாது. முதலில் 35 டிகிரி வாக்கில் வைத்து இலையை மஞ்சளாக்குவது, பிறகு சூட்டை ஏற்றி நிறத்தை நிறுத்துவது, கடைசியில் 70 டிகிரி வரை கொண்டுபோய் நடுநரம்பைக் காயவைப்பது என்று ஐந்தாறு நாள் வேலை. மஞ்சளாகும்போது இலையிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிறது. சரியான நேரத்தில் சூடு ஏறினால் அந்தச் சர்க்கரை இலையிலேயே தங்கிவிடும். எங்கள் டையிங் மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "டைமும் டெம்பரேச்சரும் புடிச்சாத்தான் ஷேடு நிக்கும். இதுக்கு எதுக்குங்ணா அமெரிக்கா?" என்றார்.

அமெரிக்கா தேவையே இல்லைதான். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, மைசூர் தாண்டினால் உன்சூர், பெரியபட்டணா பக்கம் இதே வர்ஜீனியா இலைதான் விளைகிறது. ஆந்திராவில் இன்னும் அதிகம். இதை ஏலம் போடவும் ஏற்றுமதியைக் கவனிக்கவும் 1976இல் தொடங்கிய புகையிலை வாரியம் குண்டூரில் இருக்கிறது. அங்கிருந்து இலை ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது. என் டப்பாவில் கம்பெனி பெயர், எடை, அத்திப்பழம் எல்லாம் இருந்தன. இலை எந்த நாட்டுக் காட்டில் விளைந்தது என்பது மட்டும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வரும் சொந்தக்காரர் ஆசையாக வாங்கி வந்த டீ-சர்ட்டைத் திருப்பிப் பார்த்து, தையலில் நம் ஊர் ஃப்ளாட்லாக்கை அடையாளம் கண்டவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது.

மேசையில் வெள்ளைக் காகிதம் விரித்து டப்பாவைக் கொட்டினேன். முதல் சோதனை ஷேடு. டையிங் மாஸ்டர் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தார். எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தன. "ஒரே லாட்டுல இத்தனை ஷேடா? ரிஜெக்ட் பண்ணுங்ணா" என்றார். இது வேண்டுமென்றே செய்த கலவை என்று விளக்கினேன். வெளிர் மஞ்சள் இலை சுறுக்கென்ற சுவைக்கு, கருத்த இலை ஆழத்துக்கு. "நாமளும் பையருக்கு இப்பிடி ஒரு விளக்கம் எழுதிக்கலாமுங்ளே" என்று குறித்துக்கொண்டு போனார்.

இரண்டாவது ஈரப்பதம். ஒரு சிட்டிகை எடுத்து அழுத்திவிட்டால் மெல்ல விரிய வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ச்சல் அதிகம். இதில் எங்கள் செக்கிங் அக்காவை மிஞ்ச ஆளில்லை. தொட்டவுடன், "இன்னும் கொஞ்சம் ஆறோணுங்க" என்றார். பிறகு மூக்கருகே கொண்டுபோனவர், டப்பாவின் எழுத்தைப் படிக்காமலே, "சோளத்தட்டுப் போர் வாசம் அடிக்குதுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பா எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அவர் ஊர் வைக்கோல், அக்காவுக்கு அவர் ஊர் சோளத்தட்டு. அதன்பிறகு நான் அத்திப்பழத்தைத் தேடுவதை விட்டேன். கண்ணை மூடி மோந்தால் கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் ஆலை வந்தது. இன்னும் ஆழமாக மோந்தால் நார்த்தங்காய்த் தோல் வந்தது. இந்த வகையில் சரக்கு முழு மதிப்பெண்ணில் தேறியது.

மூன்றாவது, பற்றவைத்துப் பார்ப்பது. இங்கேதான் திருப்பூர் குறுக்கே நின்றது. கம்பெனிக்குள் நினைக்கவே முடியாது. காற்றில் பஞ்சு பறக்கும் இடத்தில் தீக்குச்சி என்றால் வாட்ச்மேனே நம்மைக் கம்பெனிக்கு வெளியே பறக்கவிடுவார். பொது இடத்தில் 2008 அக்டோபர் 2 முதல் தடை, 200 ரூபாய் வரை அபராதம். வீட்டு மொட்டைமாடி என்றால் ஒட்டினாற்போலப் பக்கத்துக்காரரின் பனியன் வேஸ்ட் குடோன். வீட்டுக்குள் என்றால் மனைவி. "ஏனுங்க, காசு குடுத்து ஸ்கேன் எடுக்கறதுக்கு முன்னால காசு குடுக்காம வர்றதைத் தூக்கி வெளிய போடுங்க" என்று அவர் சொன்னதில் பதில் சொல்ல இடமில்லை.

கடைசியில் சத்தியமங்கலம் பக்கம் மாமனார் தோட்டத்துக்குக் கிளம்பினேன். அவர் புகையிலை விவசாயி. சத்தி, கோபி, அந்தியூர் பக்கம் விளைவது மெல்லுகிற புகையிலை. வர்ஜீனியாவுக்கு நேர் எதிர்ச் சாதி. உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சினால் மெல்லுகிற இலைக்குக் குணம் கூடும் என்பார்கள். அந்த உப்பு ஏறிய இலையோ சரியாக எரியாது, பைப்பில் போட்டால் அணைந்து அணைந்து போகும். செடியோடு வெட்டி, வெயிலில் காயவைத்து, அட்டி போட்டுத் திருப்பித் திருப்பிப் பாடம் பண்ணுவார்கள். சர்க்கரை போய்விடும், காரம் நிற்கும். தமிழ்நாட்டுச் சுருட்டோ வெளிநாட்டுக்காரர் அறிந்த சரக்குதான். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். அவர் மட்டும் திருப்பூரில் பிறந்திருந்தால் இந்நேரம் குவாலிட்டி மேனேஜர்.

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில். அடைக்கும் முறைக்குப் பைப்காரர்களிடம் ஒரு பழைய விதி உண்டு. முதல் சிட்டிகையைக் குழந்தையின் கை பலத்தில், அடுத்ததைப் பெண்ணின் கை பலத்தில், மூன்றாவதை ஆணின் கை பலத்தில் அழுத்த வேண்டும். எங்கள் பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் அட்டைப்பெட்டி கட்டுவதைப் பார்த்த எவரும் இந்த வரிசையை எழுதியிருக்க மாட்டார். முதல் நெருப்பு மேலே கருக்குவதற்கு மட்டும். லேசாக அமுக்கிவிட்டு இரண்டாவது நெருப்பு. அப்புறம் மூச்சு விடுகிற வேகத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம். அவசரமாக இழுத்தால் சூடும் ஆவியும் சேர்ந்து நாக்கைச் சுட்டுவிடும்.

அவசரப்படாமல் இருப்பது எப்படி என்று திருப்பூரில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. முதல் இழுப்பில் நார்த்தங்காய். இரண்டாவதில் போன். ரிப் துணி வரவில்லை. பைப் அணைந்தது. மறுபடி பற்றவைத்தால் மெல்ல ஒரு சர்க்கரைப் பாகு வாசம், நன்றாகவே இருந்தது. உடனே போன். நெக் லேபிளில் எஸ்ஸுக்கு எம் தைத்துவிட்டார்கள். பைப் அணைந்தது. கப்பலுக்குச் சரக்கு சேர வேண்டிய கெடு பற்றிப் பேசி முடித்து இழுத்தபோது கிண்ணத்தின் அடியில் ஈரச் சாம்பல், வாயில் கசப்பு, நாக்கில் எரிச்சல். இந்தச் சரக்கை ரசிக்க ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். நூலிலிருந்து பட்டன் வரை எல்லாம் கிடைக்கும் எங்கள் ஊரில் அந்த ஒன்று மட்டும் ஸ்டாக் இல்லை.

மாமனார் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்தார். வாயில் போடுவதை டாக்டர் சொல்லி விட்டுவிட்டார். "காரமே இல்லீங்களே மாப்ள. மிட்டாயாட்டம் இருக்குது" என்றார்.

"விலை ஜாஸ்திங்க மாமா."

"விலை இருக்கட்டுமுங்க. இதை ஊறப்போட்டு அவரைக்கு அடிச்சுப் பாக்கலாம்."

நான் ரிப்போர்ட்டை எழுதி முடித்தேன். ஷேடு: விளக்கத்தின் பேரில் பாஸ். வாசனை: பாஸ், டப்பாவில் எழுதியதை விட மேல். எரிதல்: போன் இல்லாத ஊருக்கு மட்டும் பாஸ். உடம்பு: ஃபெயில், இதில் மறு இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. சர்க்கரையும் நார்த்தங்காயும் எத்தனை இருந்தாலும் புகை புகைதான். மொத்தத்தில் ரிஜெக்ட்.

மீதிச் சரக்கு சொம்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறியது. மாமனார் வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து, அவரைப் பந்தலில் அசுவினி பிடித்த கொடிக்கு அடித்தார். மிளகாய், தக்காளிப் பக்கம் கொண்டுபோகவில்லை, புகையிலையின் தேமல் நோய் அவற்றுக்கும் தொற்றும். நாலு நாள் கழித்துப் போனில் முடிவு சொன்னார்: "பாதிக்கு மேல அப்பிடியே இருக்குதுங்க. பூச்சிக்குக்கூடக் காரம் பத்தலீங்க மாப்ள."

அசுவினிக்கு நுரையீரல் கிடையாது, பிழைத்துக்கொண்டது. நுரையீரல் உள்ளவர்கள் இந்தச் சரக்கைச் சாம்பிள் ஆர்டராகக்கூட எடுக்க வேண்டாம்.