சக்கரம் வைத்த வீட்டுக்காரர்கள்

ஆஸ்திரேலியாவில் ஓய்வு பெற்ற அப்பா ஒருவர் சாப்பாட்டு மேஜையில் சோலார் பேனல், டயர் காற்றழுத்தம், டீசல் விலை என்று பேச ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். சீக்கிரமே வீடு வாடகைக்குப் போகும். துணிந்தவராக இருந்தால் விலைக்கே போகும். அந்தப் பணம் ஒரு மோட்டார்ஹோமாக மாறி வாசலில் வந்து நிற்கும். அதன் பின்புறத்தில் 'பிள்ளைகளின் சொத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்' என்று ஸ்டிக்கர் வேறு. பிள்ளைகள் சிரிப்பார்கள், வேறு என்ன செய்வது?

இந்த நரைத்த நாடோடிகளை அங்கே 'கிரே நோமட்' என்கிறார்கள். வானப்பிரஸ்தம் போல ஒரு ஏற்பாடுதான். வானப்பிரஸ்தன் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போனான். இவர்கள் ஃபிரிட்ஜ், கட்டில், கழிப்பறை, காபி மெஷின் எல்லாவற்றோடும் போகிறார்கள்.

நெடுஞ்சாலை எண் 1 அந்தக் கண்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுமார் 14,500 கிலோமீட்டர் ஓடுகிறது. அதை ஒரு முறை சுற்றி முடிப்பதற்கு 'பிக் லேப்' என்று பெயர். வலமாகச் சுற்றுவதா, இடமாகச் சுற்றுவதா என்பதில் தம்பதிக்குள்ளேயே இரண்டு கட்சி. பருவ விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. ஜூன் மாதம் மெல்போர்னில் குளிர் எலும்பைப் பிடிக்கும்போது வடக்கே புரூம், டார்வின், கரும்பா என்று வெயில் காயப் போய்விடுவார்கள். ஆண்டின் கடைசியில் வடக்கே மழை தொடங்குவதற்குள் தெற்கே இறங்கிவிடுவார்கள்.

புறப்படுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு: எடை. மொத்த எடை 4.5 டன்னுக்குள் இருந்தால் சாதாரண கார் லைசென்ஸே போதும் என்பதால் பல மோட்டார்ஹோம்கள் 4,495 கிலோ என்ற வரம்போடுதான் வருகின்றன. வண்டியின் சொந்த எடை போக மிச்சம் இருப்பதில் தண்ணீர், டீசல், கேஸ், துணிமணி, கணவன், மனைவி எல்லாம் அடங்கவேண்டும். எடைமேடையில் முள் வரம்பைத் தாண்டும்போது குடும்ப நீதிமன்றம் கூடுகிறது. தையல் மெஷினை இறக்கலாம் என்பது அவர் வாதம். மூன்று பெட்டி ஸ்பேனர் எதற்கு என்பது அம்மையாரின் குறுக்கு விசாரணை. கடைசியில் இரண்டும் வண்டியிலேயே இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் பாதியைத் திறந்து விட்டுவிடுவார்கள்.

நரைத்த நாடோடியின் முழுச் சொரூபம் தெரிவது கேரவன் பார்க்கில், மாலை வேளையில். புதிதாக ஒரு வண்டி வந்தால் ஏற்கெனவே வந்தவர்கள் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். ஓட்டி வந்தவர் ரிவர்ஸ் எடுக்கிறார். பின்னால் கேமரா இருக்கிறது, கேமராவை நம்பாத மனைவியும் இருக்கிறார்.

"வா... வா... இன்னும் வா."

"எந்தப் பக்கம்?"

"கண்ணாடியில என்னைப் பாரேன்!"

"நீதான் கண்ணாடியிலேயே இல்லையே!"

வண்டி நின்றதும் கைதட்டல். பிறகு மட்டம் பார்க்கும் சடங்கு. சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் ஆப்பு, தரையில் ரசமட்டம், உள்ளே போய்ப் படுத்துப் பார்த்து மறுபடியும் ஆப்பு. மாலை ஐந்து மணி வாக்கில் 'ஹேப்பி ஹவர்'. ஆளுக்கொரு மடக்கு நாற்காலியும் கோப்பையுமாக வட்டம் சேர்கிறது. நடுவில் அட்டைப்பெட்டிக்குள் பை வைத்த ஒயின். அந்தப் பெட்டி ஒயினே தெற்கு ஆஸ்திரேலியாவின் தாமஸ் அங்கோவ் 1965-இல் காப்புரிமை பெற்ற சரக்குதான். பேச்சு எங்கே தொடங்கினாலும் கழிவுத்தொட்டியில் வந்து முடியும். எந்த ஊரில் அதைக் கொட்டிக் கழுவ நல்ல இடம் இருக்கிறது என்பதை இவர்கள் அருங்காட்சியகத்துக்கு வழி சொல்வதைவிட ஆர்வமாகச் சொல்வார்கள்.

மேற்கே போகிறவர்கள் நல்லர்பார் சமவெளியைக் கடக்கவேண்டும். ஒரு வளைவுகூட இல்லாமல் 146.6 கிலோமீட்டர் நேர்கோடாகப் போகும் சாலை அங்கேதான் இருக்கிறது. அலுப்புத் தீர அங்கே ஒரு கோல்ஃப் மைதானமும் உண்டு. செடூனாவில் தொடங்கி கல்கூர்லியில் முடிகிறது. 18 குழிகள், 1,365 கிலோமீட்டர். ஒரு குழியில் பந்தைப் போட்டுவிட்டு அடுத்த குழிக்கு மோட்டார்ஹோமில் போவார்கள். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் சோதனைச்சாவடி. பூச்சியும் நோயும் வந்துவிடும் என்று பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் முந்தின இரவே வண்டிக்குள் விருந்து. மிஞ்சிய காய்கறியெல்லாம் சூப், மிஞ்சிய பழமெல்லாம் அவர் வயிற்றில்.

பள்ளி விடுமுறையில் பேரன் பேத்திகள் விமானத்தில் வந்து சேர்ந்துகொள்வார்கள். 2019-இல் பலருக்கும் சந்திப்பு உலுருவில்தான் நடந்தது. அந்தப் பாறையில் ஏற வேண்டாம் என்று அதன் பாரம்பரிய உரிமையாளர்களான அனங்கு மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 26 முதல் தடை என்று அறிவிப்பு வந்த பிறகுதான் ஊர் உலகமெல்லாம் கிளம்பி வந்தது. பக்கத்திலிருந்த யுலாரா முகாமில் இடமில்லை. இரண்டு பேருக்கான மோட்டார்ஹோமில் ஆறு பேர் படுத்தார்கள். தாத்தா குறட்டையில் மட்டும் குறை வைக்கவில்லை.

அதுவரை மாநில எல்லை இவர்களிடம் கேட்டதெல்லாம் பழத்தைத்தான். 2020 மார்ச்சில், கொரோனா வந்ததும், ஆளே வேண்டாம் என்றது.

முதலில் டாஸ்மேனியா கதவைச் சாத்தியது. சில நாட்களுக்குள் தெற்கு ஆஸ்திரேலியா, வடக்கு மண்டலம், மேற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து என்று வரிசையாகக் கட்டுப்பாடு. ஏப்ரல் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியா எல்லையை இன்னும் இறுக்கியது. தீவுக்குள் ஒரு தீவாகிறோம் என்றார் அதன் அப்போதைய முதல்வர் மார்க் மெக்கவன். 25 லட்சம் சதுர கிலோமீட்டர் தீவு! கேரவன் பார்க்குகள் பல சுற்றுலாக்காரர்களை அனுப்பிவிட்டு நிரந்தரக் குடியிருப்பவர்களையும் போக்கிடம் இல்லாதவர்களையும் மட்டும் வைத்துக்கொண்டன. அரசு சொன்னது ஒன்றுதான்: வீட்டுக்குப் போங்கள், வீட்டிலேயே இருங்கள்.

இங்கேதான் சிக்கல். வீட்டை விற்றுவிட்டு வந்தவருக்கு வீடு எது? ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அவர் வீட்டில்தான் இருக்கிறார். இதைப் போலீஸ்காரரிடம் அவர் தர்க்கபூர்வமாக விளக்கினார். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். வெளிமாநில நம்பர் பிளேட்டைக் கண்டால், நேற்றுவரை வரவேற்ற சிற்றூரும் இன்று திரைச்சீலையை விலக்கிப் பார்த்தது. ஒரே ஒரு ஆஸ்பத்திரியை நம்பி இருக்கும் ஊருக்கு எழுபது வயது விருந்தாளி என்றால் பயம் வராதா?

அப்புறம் எங்கே போவது? எந்தப் பிள்ளைகளின் சொத்தைச் செலவழித்தார்களோ அதே பிள்ளைகளின் வாசலுக்குத்தான். மகள் வீட்டு கார் நிறுத்தும் இடத்தில் மோட்டார்ஹோம் நின்றது. சமையலறை ஜன்னல் வழியாக ஒரு மின்கம்பி, தோட்டத்துக் குழாயிலிருந்து ஒரு நீலப் பைப். எழுபதைத் தாண்டியவர்கள் கூடுமானவரை வெளியே வரவேண்டாம் என்று அரசு அறிவுரை. மகள் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். ஒரு காலத்தில் இவளிடம் ராத்திரி பத்து மணிக்குள் வீடு திரும்பவேண்டும் என்று சொன்ன அப்பா, இப்போது மருந்துக்கடைக்குப் போய்வர அவளிடம் காரணம் சொன்னார். பேரன் ஜன்னலுக்கு வெளியே நின்று வீட்டுப்பாடம் படித்துக் காட்டினான்.

ஆனாலும் ஆசாரம் குறையவில்லை. சிமென்ட் தரையிலும் ஆப்பு வைத்து மட்டம் பார்த்தார். ஐந்து மணிக்கு மடக்கு நாற்காலி வெளியே வந்தது. வெளியிடத்தில் இரண்டு பேருக்கு மேல் கூடக்கூடாது என்று தடை வந்தபோது ஹேப்பி ஹவரில் பழைய கூட்டம் போய்த் தம்பதி மட்டும் மிஞ்சினார்கள். வண்டிக் கதைகளை அம்மையார் முன்பே கேட்டிருந்தார். இருந்தாலும் கணவர் விடவில்லை. தெருவில் குப்பை லாரி போனால்கூட, நெடுஞ்சாலைப் பழக்கத்தில் கையை உயர்த்திக் காட்டினார்.

அந்த ஆண்டு முழுக்க வரைபடமும் ரப்பருமாகவே கழிந்தது. ஜூலை 8-ஆம் தேதி நியூ சவுத் வேல்ஸ் – விக்டோரியா எல்லை மூடப்பட்டது. 1919 ஃப்ளூ காய்ச்சலுக்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. இரண்டே நாளில் குயின்ஸ்லாந்து விக்டோரியாக்காரர்கள் தவிர மற்றவர்களுக்குத் திறந்தது, ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸுக்கும் சாத்தியது. மேற்கு ஆஸ்திரேலியா முழுசாகத் திறக்க 2022 மார்ச் 3 ஆகிவிட்டது.

திறந்த பிறகு இன்னொரு தொல்லை. வெளிநாடு போக முடியாத இளங்குடும்பங்கள் கேரவன் வாங்கிக் குவித்திருந்தன. புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. தாத்தாவின் பயணத்தைக் கேலி செய்த மருமகனும் ஒன்று வாங்கிவிட்டார். எங்கே இருட்டுகிறதோ அங்கே தங்குவோம் என்று வாழ்ந்தவர், இப்போது விடுமுறைக் காலத்துக்கு இடம் பிடிக்கப் பல மாதம் முன்பே கேரவன் பார்க்குக்குப் போன் செய்கிறார். உங்களோடு குழந்தைகள் எத்தனை பேர் என்று வரவேற்பறைப் பெண் கேட்கிறாள்.

"இரண்டு. இரண்டுக்கும் எழுபது தாண்டிவிட்டது. குப்பை மட்டும் போடமாட்டோம்."