சத்தம் போடட்டும், விடுங்க!

கேள்வி: ரோபோ வகுப்பு என்றாலே சந்தைக்கடைச் சத்தம். எப்படி அடக்குவது?
– ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: என்ன சத்தம் என்று கேட்டுப் பாருங்கள், டீச்சர். "ஏல, சிவப்பு வயர மாத்திக் குத்திட்ட" என்றால் படிப்பு நடக்கிறது. "இவன் எனக்குத் தரவே மாட்டேங்கான்" என்றால் ஒரு கிட்டைச் சுற்றி எட்டுப் பேரை உட்கார வைத்திருக்கிறீர்கள். மூன்று பேருக்கு மேல் வேண்டாம். கிட் போதாதா? மிச்சப் பேர் அட்டையில் வண்டிக்கு உடம்பு வெட்டட்டும். பிறகு இடம் மாற்றுங்கள். கை சும்மா இருக்கிற பிள்ளைதான் குறும்பு செய்யும்.

கேள்வி: பையன்கள் வண்டி செய்கிறார்கள். என்னை நோட்டு எழுதச் சொல்கிறார்கள்.
– 8-ஆம் வகுப்பு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: கையெழுத்து அழகு என்று சொல்லித்தானே தந்தார்கள், தாயி? அடுத்த வகுப்பில் நோட்டை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுத் திருப்புளியை எடு. ஆசிரியர்களே, கால் மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுங்கள்.

கேள்வி: பள்ளியில் கோட்டைப் பிடித்து ஒழுங்காக ஓடிய வண்டி, போட்டியில் தடம் மாறியது. பையன் அதைத் தூக்கி எறிந்துவிட்டான். தண்டிக்கலாமா?
– தலைமையாசிரியர், சேரன்மகாதேவி

பதில்: எறிந்ததைக் கண்டியுங்கள். ஆனால் காரணத்தை அவனையே தேட விடுங்கள். போட்டி ஜன்னலோரமா நடந்தது? வண்டியின் அடியில் உள்ள சென்சார் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கிறது. வெள்ளைத் தரை திருப்பி அனுப்பும். கருப்பு டேப் விழுங்கிவிடும். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டே! நம்மூர் மதிய வெயில் தரையில் விழுந்தால் சென்சாருக்குக் கருப்பும் வெள்ளையாகத்தான் தெரியும். அட்டைத் துண்டால் சென்சாருக்கு ஒரு முக்காடு போடச் சொல்லுங்கள். வண்டி மறுபடி கோட்டைப் பிடிக்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். பிழையைத் தேடித் திருத்துவதே கற்பது என்று கணினிக் கல்வி ஆய்வாளர் சீமோர் பேப்பர்ட் 1980-இல் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் வாதாடினார். எனக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை.

கேள்வி: அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இதெல்லாம் கிடைக்குமா?
– தந்தை, சீவலப்பேரி

பதில்: கிடைக்க வேண்டும், அண்ணாச்சி. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில், தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உண்டு. அரசுப் பள்ளிகளில் 2022 முதல், அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்க வானவில் மன்றமும் இருக்கிறது. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. லீவு நாளில் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். உங்கள் பள்ளியில் ஆய்வகம் இருந்தால், அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறதென்று இந்த வாரமே போய்க் கேளுங்கள்.