கீப்பருக்குக் காய்ச்சலா, கூப்பிடு பர்ரிட்ஜை

2025 செப்டம்பர் 1, ஐரோப்பாவில் கால்பந்து கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்பர் விண்டோ மூடுகிற இரவு. தண்ணி லாரி எப்போது வரும் என்று சொல்வதற்காகவே தொடங்கப்பட்ட ஓர் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் ‘துரோகி!’ என்று வந்து விழுந்தது. செயலாளரைத்தான் யாரோ பிடித்துவிட்டார்கள் என்று இதை எழுதுகிறவர் ஆவலாக எழுந்து உட்கார்ந்தார். இல்லை. அலெக்சாண்டர் இசாக்காம். பன்னிரண்டரைக் கோடி பவுண்டுக்கு நியூகாசிலை விட்டு லிவர்பூல் போய்விட்டாராம். மூன்றாவது மாடிக்காரர் நியூகாசிலுக்குப் போனவரில்லை, போகிற உத்தேசமும் கிடையாது. ஆனாலும் அவருக்கு ஆறவில்லை. அழுகிற பொம்மைகளுக்கு அடியில் லாரி வந்த தகவல் புதைந்துபோக, மறுநாள் ஒரு வீட்டில் குளியல் இல்லை. எந்த வீடு என்று சொல்ல வேண்டியதில்லை.

விசுவாசம் பற்றி மூன்றாவது மாடிக்கு ஒரு முக்கியமான விஷயம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் ஜான் பர்ரிட்ஜ்.

1951இல் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், வொர்க்கிங்டன் பக்கத்தில் பிறந்த கோல்கீப்பர். அப்போது நான்காம் டிவிஷனில் கிடந்த அந்த ஊர் கிளப்பில்தான் ஆரம்பித்தார். ஆஸ்டன் வில்லாவோடு 1977இல் லீக் கோப்பை, ஹிபர்னியனோடு 1991இல் ஸ்காட்லாந்து லீக் கோப்பை. கையுறையோடு தூங்குவார் என்பார்கள். டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது மனைவி எதிர்பாராமல் ஆரஞ்சுப் பழத்தை வீச வேண்டும், இவர் பாய்ந்து பிடிக்க வேண்டும். அந்த அம்மாள் பழத்தோடு நிறுத்திக்கொண்டதைப் பாராட்ட வேண்டும்.

1993இல் ஹிபர்னியனை விட்டபோது வயது 41. மற்ற ஆட்டக்காரர்கள் தொப்பையைத் தடவிக்கொண்டு பழங்கதை பேசும் பருவம். பர்ரிட்ஜ் அப்போதுதான் பையைத் தூக்கினார். ஸ்கார்பரோ, லிங்கன், என்ஃபீல்ட். எல்லை தாண்டி அபர்டீன், டம்பார்டன், ஃபால்கிர்க். திரும்பி வந்து மான்செஸ்டர் சிட்டி (அதற்கு வருவோம்). நாட்ஸ் கவுன்ட்டி. விட்டன் ஆல்பியன். டார்லிங்டன். கிரிம்ஸ்பி. கேட்ஸ்ஹெட். நார்தாம்ப்டன். மறுபடி ஸ்காட்லாந்து, குயீன் ஆஃப் தி சவுத் (கப்பல் இல்லை, டம்ஃப்ரீஸ் ஊர் அணி). பிளைத் ஸ்பார்ட்டன்ஸ். மூச்சு வாங்குகிறதா? இவ்வளவும் நாலே வருஷத்தில். வில்லா, கிரிஸ்டல் பேலஸ், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், உல்வ்ஸ், ஷெஃபீல்ட் யுனைடெட், சவுத்தாம்ப்டன் எல்லாம் அதற்கு முந்தைய கணக்கு. மொத்தம் 29 கிளப் என்கிறார்கள்.

காரணம் எளிது. சின்ன கிளப்பில் தேறிய கீப்பர் ஒருவர், ஒப்புக்கு இன்னொருவர். முதலாமவருக்கு விரல் முறிந்து, இரண்டாமவருக்குக் காய்ச்சல் வந்தால் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கம்பத்துக்கு நடுவே யாரை நிறுத்துவது? ஃபார்வர்டு இல்லாவிட்டால் மிட்ஃபீல்டரை முன்னே தள்ளிச் சமாளிக்கலாம். கீப்பர் வேலைக்கு அந்தச் சமாளிப்பு நடக்காது. ஒப்பந்தம் பெரிதாக வேண்டாம், ஒரு மாதம், சில சமயம் ஒரே ஆட்டம். போன் வந்தால் கிளம்புகிற ஆள் ஒருவர் தேவை.

இப்போது சிட்டி. 1995 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டிக்கும் நியூகாசிலுக்கும் ஆட்டம். சிட்டியின் கீப்பருக்கு அடிபட, இடைவேளைக்குப் பின் பர்ரிட்ஜ் இறங்கினார். அதே சமயம் நியூகாசிலில் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரும் இவரேதான். சம்பளம் தருகிற அணிக்கு எதிராக நின்று ஒரு கோல்கூட விடவில்லை. ஆட்டம் 0-0. மூன்றாவது மாடி இதற்கு என்ன பொம்மை போடும்? அடுத்த மாதம் பழைய கிளப்பான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக நின்றபோது வயது 43 ஆண்டு 162 நாள். பிரீமியர் லீக்கில் ஆடியவர்களிலேயே மூத்தவர் என்ற பெயர் அவருடையது. சிட்டி தோற்றது. அது சிட்டியின் பழக்கம் அப்போது.

பிறகு ஓமனுக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே மஸ்கட் விமான நிலையத் தீயணைப்புப் பணியில் இருந்த அலி அல்-ஹப்சி என்ற பையன் கண்ணில் பட்டான். பையன் 2006இல் போல்டனில் சேர்ந்து, பின்னால் விகன் கோலைக் காத்தான். கண் இருக்கிற ஆளுக்கு ஊர் ஒரு பொருட்டா என்ன?

விசுவாசம் பற்றிய அந்த முக்கியமான விஷயத்துக்கு இடமில்லை. மேலே உள்ள பட்டியலில் சில கிளப்புகள் விட்டுப்போயிருக்கும். தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து அதைத் தெரிவிக்க வேண்டாம்.